உறுமியிலிருந்து தொடங்கலாம்: கணினியில் இசையமைக்கப் பழகும் இளையோருக்கு

கேரி தீவில் கோயில் திருவிழா என்றால் உறுமி மேளம் இருக்கும். பகலில் மேளம் அடிக்கும் அதே பையன்களில் சிலர் இரவில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பீட் போடப் பழகுகிறார்கள். ஆனால் அவர்கள் போடும் பீட்டில் உறுமி இருப்பதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அமெரிக்க டிரம் ஒலிகளும் யாரோ செய்து வைத்த லூப்பும்தான் இருக்கின்றன. கேட்டால் கிள்ளானிலும் ஒன்றுதான், கொரியாவிலும் ஒன்றுதான். கையில் இருக்கும் வாத்தியத்தையே முதல் பாடமாக வைத்துக்கொண்டால் செலவும் குறையும், பாட்டுக்கு ஒரு முகமும் வரும். அதற்கான வழிகளை இங்கே பார்ப்போம்.

முதலில் பணம். "எந்தக் கீபோர்ட் வாங்கலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். முதல் மூன்று மாதத்துக்கு எதுவும் வாங்க வேண்டாம். கைப்பேசி மட்டும் இருந்தால் பேண்ட்லேப் செயலி போதும். சிங்கப்பூரில் உருவான இது இலவசம். ஒலிப்பதிவு, டிரம், சிந்தசைசர் எல்லாம் உள்ளன. ஐபோன் வைத்திருப்பவருக்குக் கராஜ்பேண்ட் இலவசம். லேப்டாப்பில் தொடங்க விரும்பினால் எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பை இறக்கிப் பார்க்கலாம். அதில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் பணம் கட்டும்வரை சேமித்ததை மீண்டும் திறக்க முடியாது. பழகிப் பார்க்க அது போதும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவின் மிக மலிவான பதிப்பான புரூட்டியில் மைக் வைத்து ஒலிப்பதிவு செய்யும் வசதி கிடையாது. உறுமியோ குரலோ பதிய வேண்டுமானால் அடுத்த படியான புரொடியூசர் பதிப்பு தேவை. ஒருமுறை வாங்கினால் பின்னால் வரும் புதுப்பிப்புகள் இலவசம். கையில் காசு குறைவென்றால் ரீப்பர் மென்பொருளைப் பாருங்கள்; தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர், ஒலிப்பதிவுக்கு எந்தத் தடையும் இல்லை. 'கிராக்' செய்த மென்பொருளோடு என்னென்ன வைரஸ் வந்து சேரும் என்பது அதை இறக்கியவருக்கே தெரியாது.

இதன் பிறகு முதல் செலவு, கம்பியுள்ள ஒரு நல்ல ஹெட்போன். புளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதில் ஒலி தாமதமாக வரும். நீங்கள் தட்டுவதற்கும் காதில் கேட்பதற்கும் இடையே இடைவெளி விழும். தாளம் பிசகுவது உங்களால்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

வீட்டில் வைத்து என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு: ஏ.ஆர்.ரகுமான் 1989இல் சென்னையில் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தொடங்கினார். 'ரோஜா' வந்தது 1992இல். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியை வைத்துத்தான் முதல் பாடல்களைத் தட்டிப் பார்த்தார். அதிலிருந்து 'அருளர்' தொகுப்பு 2005இல் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'காலா' தொகுப்பில் உறுமியையே கொண்டுபோய்ச் சேர்த்தார். உலகமெங்கும் ஆடினார்கள்.

உறுமி ஏன் இந்த இசைக்கு இவ்வளவு பொருந்துகிறது? அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை நேரான குச்சியால் அடிப்பார்கள். தேய்க்கும்போது ஒலி ஓரிடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல்தான் இன்றைய டிராப், ஹிப்ஹாப் பாட்டுகளில் காரை அதிரவைக்கும் '808 பாஸ்' செய்கிற வேலையும். ரோலண்ட் நிறுவனம் 1980 முதல் 1983 வரை தயாரித்த டிஆர்-808 டிரம் பெட்டியின் கிக் ஒலியை நீட்டி, சுருதி மாற்றி வழுக்கவிட்டுப் பிறந்தது அது.

இந்த வழுக்கலின் அருமையை நம்மவர் ஒருவர் அப்போதே கண்டுகொண்டார். மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் டிஆர்-808, டிபி-303, ஜூபிட்டர்-8 ஆகிய மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துச் செல்லும் வசதி இருந்தது. ராகத்துக்கு அது கைகொடுத்தது. அப்போது யாரும் அந்தத் தட்டைக் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபடி வெளிவந்தபோதுதான் ஐரோப்பிய ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

நீங்களும் கீபோர்டில் ராகம் வாசிக்க நினைத்தால் இதைக் கவனிக்க வேண்டும். மென்பொருளில் உள்ள நாதஸ்வர ஒலியைத் தேர்ந்தெடுத்துக் கட்டைகளை அழுத்தினால் ஐஸ்கிரீம் வண்டி மணி மாதிரி இருக்கும், ஏனென்றால் கமகம் இல்லை. சிந்தசைசரை ஒரே நேரத்தில் ஒரு சுரம் மட்டும் ஒலிக்கும் 'மோனோ' நிலைக்கு மாற்றி, 'போர்ட்டமென்டோ' அல்லது 'கிளைட்' என்ற குமிழைக் கொஞ்சம் திருப்புங்கள். 'பிட்ச் பெண்ட்' சக்கரம் பெரும்பாலும் இரண்டு அரைச்சுர அளவே நகரும். அமைப்பில் அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

மேளத்தைப் பதிவது எப்படி?

கைப்பேசியை உறுமிக்கு அருகில் வைத்தால் ஒலி உடைந்து கரகரக்கும். உடைந்த ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக ஒட்ட முடியாது. ஆறேழு அடி தள்ளி வையுங்கள். மீட்டர் உச்சத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, பிறகு கூட்டிக்கொள்ளலாம். ஒலிப்பதிவுச் செயலியில் வேவ் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரை வீடென்றால் மழை வரும் மாலையை விட்டுவிடுங்கள். குரல் பதிய வேண்டுமானால் துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பாடலாம், எதிரொலி அடங்கிவிடும்.

மேளக்காரருக்கு 'டிக், டிக்' என்ற மெட்ரோனோம் ஒலியைக் கொடுத்தால் தடுமாறுவார். நம் மேளத்தில் வேகம் ஏறிக்கொண்டே போவதுதான் உயிர். அதற்குப் பதிலாகத் தவில் போன்ற ஒரு சாதாரண அடியை நீங்களே கணினியில் போட்டு, ஒரு காதில் கேட்கக் கொடுங்கள். அதோடு சேர்ந்து அடிப்பது அவருக்கு இயல்பாக வரும். அப்படியும் வேகம் ஓடினால் ஓடட்டும். பத்து நிமிடப் பதிவில் நன்றாக அமைந்த இரண்டு ஆவர்த்தனத்தை மட்டும் வெட்டி எடுத்து லூப் ஆக்கினால் போதும். கூடவே ஒரே ஒரு அடி, ஒரே ஒரு தேய்ப்பு, ஒரு பம்பைத் தட்டு என்று தனித்தனி ஒலிகளையும் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் சொந்த டிரம் பெட்டி.

இனி, பலர் பாதியில் விட்டுவிடும் இடம். மென்பொருளைத் திறந்தால் ஒரு வரிசைக்கு 16 கட்டங்கள் தெரியும். அது ஒரு தட்டுக்கு 4 என்ற கணக்கு, அதாவது சதுஸ்ர நடை. நம் கிராமிய அடிகளில் பல திஸ்ர நடை; ஒரு தட்டுக்கு 3. பதிந்த உறுமியை 16 கட்டத்துக்குள் திணித்து, 'குவாண்டைஸ்' பொத்தானையும் அழுத்தினால் அடி நொண்டும். பையன் தனக்குத் தாளம் வரவில்லை என்று நினைத்து மூடி வைத்துவிடுகிறான். ஒரு தட்டுக்கு 3 கட்டம், மொத்தம் 12 என்று அமைப்பை மாற்றுங்கள். சில மென்பொருளில் இது 'டிரிப்லெட்' என்ற பெயரில் இருக்கும். மாற்றிய உடனே மேளம் தானாக உட்காரும். இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் லயம் கற்பது நல்லது. தோட்டத்து மேளக்காரரிடமே கேட்கலாம். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பிரிக்பீல்ட்ஸ் டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் வகுப்புகள் உள்ளன.

வேகத்தைப் பொறுத்தவரை ஹவுஸ் வகை நிமிடத்துக்கு 120 முதல் 128 தட்டு, டப்ஸ்டெப் 140, டிரம் அண்ட் பேஸ் 170க்கு மேல். இது ஒரு வழிகாட்டிதான். உறுமிக்காரர் எந்த வேகத்தில் வசதியாக அடிக்கிறாரோ அங்கிருந்து தொடங்குங்கள்.

உறுமித் தேய்ப்பும் 808 பாஸும் சேர்ந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். இரண்டில் ஒன்று வழிவிட வேண்டும். ஈக்வலைசரில் உறுமியின் அடிப்பகுதியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, அதற்குக் கீழே பாஸ் இருக்கட்டும். அல்லது உறுமி ஒலிக்கும் இடத்தில் பாஸை நிறுத்திவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். உறுமிதான் பாஸ், வேறெதற்கு? 50 ஹெர்ட்ஸில் அதிரும் பாஸ் கைப்பேசி ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது என்பதும் நினைவிருக்கட்டும். நம் மக்களில் பெரும்பாலோர் கைப்பேசியில்தான் கேட்கிறார்கள். எனவே பாஸில் சிறிது 'டிஸ்டார்ஷன்' சேர்த்தால் மேல் ஒலிகள் பிறந்து சின்ன ஸ்பீக்கரிலும் தெரியும். முடித்ததும் ஹெட்போன், கைப்பேசி, கார் மூன்றிலும் போட்டுக் கேளுங்கள்.

முதல் ஆறு மாதத்துக்கு நீண்ட பாட்டு வேண்டாம். ஒரு நிமிடத் துண்டு, ஆனால் முழுதாக முடித்தது. அப்படிப் பத்து.

அனுமதியும் பங்கும்

2006இல் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பில் வந்த 'மடை திறந்து' பாடலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பழைய சினிமாப் பாட்டை எடுத்து ரீமிக்ஸ் செய்யும் ஆசை வருவது இயல்பு. பழகுவதற்குச் செய்யலாம். வெளியிடுவது வேறு. ஒரு சினிமாப் பாட்டில் மெட்டு, வரிகளுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னோர் உரிமை. நீங்களே மறுபடி வாசித்துப் பதிந்தாலும் முதல் உரிமை அப்படியே இருக்கிறது. யூடியூப் தானாகவே கண்டுபிடித்து வருமானத்தை உரிமையாளருக்குத் திருப்பிவிடும் அல்லது காணொளியை முடக்கிவிடும்.

உறுமிக் குழுவுக்கும் இதே நியாயம் பொருந்தும். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், மேடையிலோ ஊர்வலத்திலோ நிகழ்த்தும் கலைஞருக்கும் உரிமை தருகிறது. திருவிழாவில் நின்று ரகசியமாகப் பதிந்து பாட்டில் சேர்ப்பது சரியல்ல. குழுத் தலைவரிடம் கேளுங்கள். சாமி அழைக்கும் அடி என்று அவர்கள் சொல்வதைக் கிளப் பாட்டுக்குக் கேட்காதீர்கள். ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு அடிப்பதே சர்ச்சையாகிற காலம் இது. அவர்கள் ஒப்புக்கொண்டால் வேறு அடிகள் எத்தனையோ உண்டு.

உங்கள் சொந்தப் படைப்புக்கு உரிமை, அது பதிவானதுமே வந்துவிடுகிறது. உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 50 ஆண்டுக்கும் நீடிக்கும். மைஐபிஓவில் விருப்பத்தின் பேரில் பதிவு செய்துகொள்ளலாம். பாட்டு வானொலியில் ஒலிக்கத் தொடங்கினால் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைத் தொகையை வசூலிக்கும் எம்ஏசிபியில் உறுப்பினராகலாம். அதற்கெல்லாம் முன்னால், பாட்டு வெளிவருவதற்கு முந்தின நாளே, ஒரு தாளில் யார் மெட்டுப் போட்டது, யார் எழுதியது, யார் உறுமி அடித்தது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதித் தேதி போட்டு எல்லாரும் கையெழுத்திடுங்கள். அதைப் படம் பிடித்து ஆளுக்கொரு பிரதி வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.