போர்ட் மதுவின் சரித்திரம்

போர்ட் என்று பெயர் பொறித்த கரிய புட்டிகளைப் பட்டணத்துக் கடைகளிற் கண்டிராதார் சிலரே. ஆயினும், அதனுள் இருக்கும் செம்மது அத்துணை இனிப்பாயிருப்பது ஏன் என்று வினவுவோர் அரியர். சர்க்கரை கலந்திருப்பார்கள் என்பது பொதுவான எண்ணம். அஃது உண்மையன்று. அதிற் கலப்பது சாராயம். சாராயத்தைச் சேர்த்து இனிப்பைக் காத்தார்கள் என்றால் நகைக்கத் தோன்றும். அவ்விநோதமே ஈண்டு நாம் ஆராயும் பொருள். குடியைப் போற்றுவது நம் கருத்தன்று. ஒன்றின் வரலாற்றை அறிவது வேறு, அதற்கு அடிமையாவது வேறு என்பதை நேயர்கள் அறிவார்கள்.

திராட்சைச் சாறு புளிக்கும்போது, ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று மதுசாரமாக மாற்றுகின்றன. அவற்றை அவற்றின் போக்கில் விட்டுவிட்டால் சர்க்கரை முழுதும் தீர்ந்துபோம். போர்ட் செய்வோர் அவ்வாறு விடுவதில்லை. ஏறக்குறையப் பாதிச் சர்க்கரை எஞ்சியிருக்கும்போதே, திராட்சையினின்று வடித்த, நூற்றுக்கு 77 பங்கு மதுசாரமுள்ள சாராயத்தை, நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு வீதம் ஊற்றிவிடுகிறார்கள். அக்கடுமை தாங்காமல் ஈஸ்ட் மடிகிறது. தின்பார் இன்றிச் சர்க்கரை நிலைத்துவிடுகிறது. பழத்தின் சொந்த இனிப்போடு, நூற்றுக்கு 20 பங்கு அளவு மதுசாரமும் உடைய மது இவ்வாறு கிடைக்கிறது.

இம்மது பிறக்கும் இடம் போர்த்துக்கல் தேசத்தின் வடபாகத்திலுள்ள டூரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. தகடு தகடாய்ப் பிளக்கும் பாறைமலைகள். கோடையிற் கொடிய வெயில். அப்பாறையை உடைத்து, கல்லடுக்கிச் சுவரெழுப்பி, படிப்படியாக நிலம் சமைத்தவர் ஏழைத் தொழிலாளர். அறுவடைக் காலத்தில் சுற்றுப்புற மலைக் கிராமங்களினின்று கூட்டங்கூட்டமாக ஆட்கள் வருவர். அவர்களைத் திரட்டி அழைத்துவர ஒரு தலைவன் உண்டு. தோட்டத்து நேயர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. கங்காணி என்றாற் போதும். பெண்கள் பழம் பறிக்க, ஆண்கள் கூடைகளைச் சுமந்து சரிவிறங்குவர். பின் இரவில், கருங்கற்றொட்டியில் தோளோடு தோள் கோத்து நின்று, மணிக்கணக்காகப் பழங்களை மிதிப்பர். மிதிப்பார் கால் இன்றும் சில இடங்களில் ஓயவில்லை. இயந்திரம் வந்த இடங்களே மிகுதி.

போர்த்தோ நகரின் வழியே கடலேறியதால் இம்மதுவுக்குப் போர்ட் என்று பெயர் வந்தது. வாங்கியவர் ஆங்கிலேயர். பிரெஞ்சுக்காரரோடு ஓயாது பொருத அவர்கள், 1703-ஆம் வருஷத்து உடன்படிக்கையால் போர்த்துக்கல் மதுவுக்குப் பிரெஞ்சு மதுவினும் மூன்றில் ஒரு பங்கு குறைவாகத் தீர்வை விதித்தனர். கப்பற் பிரயாணத்திற் கெடாதிருக்கப் பீப்பாயிற் சிறிது பிராந்தி ஊற்றும் வழக்கமும் இருந்தது. இலாபம் பெருகவே பேராசையும் பெருகிற்று. நீர்த்த மதுவுக்கு எல்டர் என்னும் கருங்கனியின் சாற்றால் நிறமேற்றினர்; சர்க்கரையுங் கலந்தனர். நம்பிக்கை போயிற்று, விலையும் வீழ்ந்தது.

1756-இல் முதன்மந்திரி கர்வாலியோ, பின்னாளிற் பொம்பால் பிரபு எனப்பட்டவர், ஒரு கம்பெனியை நிறுவினார். இன்ன எல்லைக்குள் விளைந்ததே போர்ட் என்று கல்நட்டு வரையறுத்தார். எல்டர் மரங்களை வேரோடு களையுமாறு ஆணையிட்டார். நல்ல காரியமே. ஆனால் அக்கம்பெனிக்குப் போர்த்தோ நகரில் மது விற்கும் தனியுரிமையையும் அளித்தார். 1757 பிப்ரவரியில் மதுக்கடைக்காரரும் எளிய மக்களும் கிளர்ந்தெழுந்தனர். பலர் தூக்கிலிடப்பட்டனர். தூய்மைக்கென வந்த சட்டம் சிலருடைய பணப்பெட்டிக்குக் காவலாகவும் நின்றதை நாம் மறைக்கலாகாது.

எண்பது ஆண்டுக்குமேற் கழிந்தும் கலப்படம் ஒழியவில்லை. 1844-இல் ஜோசப் ஜேம்ஸ் பாரஸ்டர் என்ற ஆங்கில வியாபாரி, தம் பெயரை மறைத்து ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். டூரோ ஆற்றை அளந்து அரிய படம் வரைந்தவரும் அவரே. எல்டர் சாறும் குற்றம், பிராந்தியும் குற்றம். நல்ல மதுவுக்குத் துணை வேண்டா என்று அவர் தம் சொந்தத் தொழிலையே கண்டித்தார். சக வியாபாரிகள் சினந்தனர். 1861-இல் அவர் ஏறிவந்த படகு அதே ஆற்றின் சுழலிற் கவிழ்ந்து, அவர் மாண்டார். இடுப்பிற் கட்டிய பணப்பையின் கனம் அவரை ஆழ்த்தியது என்பது அங்கு வழங்கும் கதை.

வாதத்தில் அவர் தோற்றார். அவர் பழித்த பிராந்தியே இன்று போர்ட்டின் இலக்கணமாயிற்று. அஃதின்றேல் சட்டப்படி அது போர்ட் ஆகாது. எனினும் அவர் முழுதும் தவறினார் என்று யாம் கொள்ளோம். எல்டர் சாறு வாங்குவோன் கண்ணைக் கட்டுவது. சாராயமோ மதுவின் இயல்பையே மாற்றி, மாற்றியதை ஒளிக்காமல் நிற்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்ததே அவர் பிழை. 1860-களில் தொடங்கிய பைலாக்ஸெரா என்னும் பூச்சி நோயால் எண்ணற்ற படிநிலங்கள் பாழாயின; அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டியே மீண்டனர். பயிரிடாது கைவிட்ட படிகள் சில, இன்றும் புதர் மூடிக் கிடக்கின்றன.

இனி, அருந்தும் முறை. போர்ட்டிற் செந்நிற ரூபி இளையது, பழச்சுவை மிக்கது. டானி என்பது பீப்பாயில் நெடுநாள் இருந்து பழுப்பேறி, கொட்டைப்பருப்பின் மணம் பெற்றது. புட்டியில் 10, 20, 30, 40 என்று அதன் வயது குறித்திருக்கும். விண்டேஜ் என்பது சிறந்த ஓர் ஆண்டின் விளைவு. புட்டியிலேயே பல்லாண்டு முதிர்வதால் அடியில் வண்டல் தங்கும்; ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, வண்டல் கலங்காமல் வேறு பாத்திரத்தில் மெல்ல வார்த்துக்கொள்ள வேண்டும். திறந்தபின் ஓரிரு நாளில் தீர்த்துவிடுவதே நன்று. டானியோ சில வாரம் தாங்கும். உணவுக்குப் பின் சிறு கிண்ணத்திற் கொஞ்சமே ஊற்றி, பாலாடைக்கட்டியோ வாதுமையோ உடன் கொள்வர். அறையின் வெப்பநிலையில் அருந்துக என்று ஆங்கிலேயர் எழுதிவைத்தது அவர்தம் குளிர்ந்த அறைக்கே பொருந்தும். நம் ஊர் வெப்பத்திற்கு அரைமணி நேரமேனும் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தல் வேண்டும்.