64 கிலோபைட்டில் ஒரு ராஜ்ஜியம்

1982-இல் டோக்கியோவில் எனிக்ஸ் என்றொரு சின்னக் கம்பெனி ஒரு போட்டி அறிவித்தது. நீங்களே எழுதிய கம்ப்யூட்டர் கேமை அனுப்பலாம். தேறினால் பரிசு உண்டு, கேமை விற்றும் தருவோம் என்றது. முதலாளி யசுஹிரோ ஃபுகுஷிமா அதற்கு முன் வீடு, மனை விளம்பரப் பத்திரிகை நடத்தியவர். கேம் எழுதத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்க அவருக்குக் கிடைத்த வழி அந்தப் போட்டி.

பரிசுப் பட்டியலில் வந்தவர்களில் இருவரை நாம் பின்தொடரலாம். ஒருவர் கோயிச்சி நகாமுரா. அப்போது பள்ளிக்கூடம்கூட முடிக்காத பையன். புரோகிராம் எழுதுவதில் சூரன். மற்றவர் யூஜி ஹோரி, 28 வயது. அவாஜி தீவில் பிறந்தவர். மாங்கா எனும் ஜப்பானியப் படக்கதை வரையும் ஆசையோடு வாசெடா பல்கலைக்கழகத்தில் மாங்கா மன்றத்தில் இருந்துவிட்டு, பிறகு பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். புரோகிராம் எழுதத் தானாகக் கற்றுக்கொண்டு ஒரு டென்னிஸ் விளையாட்டை அனுப்பியிருந்தார்.

பரிசு வென்றவர்களை 1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆப்பிள் கம்ப்யூட்டர் கண்காட்சிக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருவரும் 'விசார்ட்ரி' என்ற அமெரிக்க விளையாட்டைப் பார்த்தார்கள். வீரர் கூட்டம் ஒன்றை நாமே உருவாக்கி இருட்டுச் சுரங்கத்துக்குள் இறக்க வேண்டும். சுவர்கள் வெறும் கோடுகள். கட்டம் போட்ட காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகும் வழியை நாமே வரைந்துகொள்ள வேண்டும். செத்தவனை உயிர்ப்பிக்கப் போய் அது தவறினால் அவன் சாம்பலாவான். இன்னொரு முறை தவறினால் ஒரேயடியாகப் போய்விடுவான். இவ்வளவு கடுமைக்கும் நடுவில் அதில் ஒரு சுகம் இருந்தது. நேற்று நம்மைக் கொல்லப் பார்த்த பிராணியை இன்று ஒரே அடியில் சாய்க்கலாம். விளையாடுபவர் வளர்வதை எண்கள் சொல்லும். ஹோரியும் நகாமுராவும் அதற்குள் விழுந்துவிட்டார்கள். 'அல்டிமா' என்ற இன்னொரு அமெரிக்க விளையாட்டும் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு நாடு முழுவதையும் பருந்துப் பார்வையில் பார்த்தபடி நடக்கலாம்.

இரண்டும் ஆங்கிலத்தில், விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களில் ஓடியவை. ஜப்பானியப் பிள்ளைகள் கையில் அப்போது சேர்ந்துகொண்டிருந்தது நின்டெண்டோவின் ஃபேமிகாம். 1983 ஜூலையில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டிக்கு விசைப்பலகை கிடையாது; திசைக்கு ஒரு சிலுவைப் பட்டன், செயலுக்கு ஏ, பி என்று இரண்டு பட்டன். பிள்ளைகள் அதில் குதித்தார்கள், சுட்டார்கள். நிறுத்தி நிதானமாகப் படித்து, யோசித்து விளையாடும் ஒன்றை அவர்கள் முன் வைத்தால் ஐந்தாவது நிமிடம் கேட்ரிட்ஜைக் கழற்றிவிடுவார்கள். ஹோரிக்கு இந்தப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை அவர் எப்படிக் கையாண்டார் என்பதில்தான் 'டிராகன் குவெஸ்ட்' பிறந்த கதை இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அவர் ஒரு ஒத்திகை பார்த்தார். 1983-இல் கம்ப்யூட்டருக்காக 'போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு' என்ற துப்பறியும் விளையாட்டை எழுதியிருந்தார். கோபே நகரத்தையும் தான் பிறந்த அவாஜி தீவையும் சுற்றி நடக்கும் கதை. 'கதவைத் திற', 'அவனைக் கேள்' என்றெல்லாம் விளையாடுபவரே தட்டச்சு செய்ய வேண்டும். சரியான சொல் தோன்றாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அடுத்த ஆண்டு ஹொக்கைடோவில் நடக்கும் இன்னொரு கதையை எழுதியபோது தட்டச்சை விட்டுவிட்டு, செய்யக்கூடியவற்றைப் பட்டியலாகத் திரையில் போட்டார். 1985 நவம்பரில், நகாமுரா தொடங்கியிருந்த சுன்சாஃப்ட் நிறுவனம் போர்ட்டோபியாவை ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பட்டியலே விசைப்பலகையின் இடத்தைப் பிடித்தது. வாசித்தபடி விளையாடும் பழக்கம் பிள்ளைகளுக்கு வந்தது.

பிறகு, 1986 மே 27 அன்று, டிராகன் குவெஸ்ட்.

அதன் முதல் அறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கதாநாயகன் ராஜாவின் எதிரில் நிற்கிறான். டிராகன் அரசன் ஒளிக்கோளத்தைக் களவாடிவிட்டான், மீட்டு வா என்கிறார் ராஜா. அறையில் மூன்று பெட்டிகள், காவலாட்கள், பூட்டிய கதவு, அதற்கு அப்பால் படிக்கட்டு. பட்டனை அழுத்தினால் எட்டுக் கட்டளைகள் கொண்ட பட்டியல் விரியும்: பேசு, பலம் பார், படியில் இறங்கு, கதவைத் திற, மந்திரம், பொருள், தேடு, எடு. பெட்டி மேல் நின்று 'எடு' என்றால் ஒன்றில் 120 பொற்காசு, ஒன்றில் தீப்பந்தம், ஒன்றில் சாவி. சாவி கிடைத்தால்தான் கதவு. கதவு திறந்தால்தான் படி. படிமேல் நின்றாலும் 'படியில் இறங்கு' என்று சொன்னால்தான் இறங்குவான். அறையை விட்டு வெளியே வரும் பிள்ளைக்கு விளையாட்டின் பாதி இலக்கணம் தெரிந்திருக்கும். யாரும் பாடம் நடத்தவில்லை. கையேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. தப்பிக்க வழியில்லாத அறையில் வைத்து, தப்பிப்பதையே பயிற்சியாக்கியிருக்கிறார் ஹோரி. இன்றுவரை இதைவிடச் சுத்தமான தொடக்கத்தை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் கண்ணில் படுவது எதிரியின் கோட்டை. தண்ணீருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. போய்ச் சேர நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்றாலும், எங்கே போகிறோம் என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடுகிறது. பக்கத்து ஊர்க் கடையில் 120 காசுக்குச் செம்பு வாள் கிடைக்காது, அதன் விலை 180. மூங்கில் கழிக்கோ கதைக்கோ காசு போதும். வெளியே புல்வெளியில் ஸ்லைம் என்ற நீல உருண்டை காத்திருக்கும். ஒன்றை அடித்தால் ஓர் அனுபவப் புள்ளி. ஏழு சேர்ந்தால் இரண்டாம் லெவல். அதாவது சில நிமிடங்களுக்குள், நான் கொஞ்சம் பலசாலி ஆகிவிட்டேன் என்று பிள்ளை உணர்ந்துவிடும். பாலம் தாண்டினால் எதிரிகள் கடுமையாவார்கள். பாலம்தான் எச்சரிக்கைப் பலகை. செத்துப்போனால் மறுபடி ராஜா முன்னால் எழுந்து நிற்கலாம். காசில் பாதி போகும், சேர்த்த அனுபவம் போகாது. விசார்ட்ரியின் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் எழுதிய சட்டம் இது.

இத்தனையும் 64 கிலோபைட் கேட்ரிட்ஜுக்குள் அடங்க வேண்டும். கைபேசியில் நாம் இன்று எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு பெரியது. நாடு, ஊர்கள், அரக்கர்கள், இசை, உரையாடல் எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான் இடம். வெட்டு எங்கெங்கே விழுந்தது என்று பார்த்தால் அந்தக் குழுவின் மீது மரியாதை கூடுகிறது. கதாநாயகனுக்கு முதுகுப்புறப் படமும் இல்லை, பக்கவாட்டுப் படமும் இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் நம்மைப் பார்த்தபடியே நண்டு போல நகர்வான். எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரியாததால், ஒருவரிடம் பேச வேண்டுமென்றால் கிழக்கா மேற்கா என்று திசையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கனம் எழுத்தில் நடந்தது. ஜப்பானியத்தில் அயல் பெயர்களை எழுதும் கதகனா வரிசையில் அடிப்படை எழுத்துகள் 46. ஒவ்வொரு எழுத்தின் வடிவமும் கேட்ரிட்ஜில் இடத்தைத் தின்னும். ஆகவே 20 கதகனா எழுத்துகள் மட்டும் போதும் என்று முடிவு செய்தார்கள். பிறகு அந்த நாட்டின் பெயர்கள் அந்த இருபதுக்குள்ளேயே பிறக்க வேண்டியிருந்தது. ஸ்லைம், கோலெம், டிராகன், தலைநகர் ரதாதோம், மதில் சூழ்ந்த மெர்கிதோ, காயம் ஆற்றும் ஹோய்மி மந்திரம், ஊருக்குத் திரும்பும் ரூரா மந்திரம் எல்லாமே அதே சில எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கியவை. அதனால்தான் ஹோய்மி, பெஹோய்மி, கிரா, பெகிரமா என்று மந்திரங்களுக்குள் ஒரு குடும்பச் சாயல் தெரிகிறது. அந்த மந்திரப் பெயர்கள் ஜப்பானில் இன்றும் புழங்குகின்றன.

இவ்வளவு நெருக்கடியிலும் ஒரு விஷயத்துக்கு இடம் ஒதுக்கினார்கள் என்பது நெகிழ வைக்கிறது. குகையிலிருந்து இளவரசி லோராவை மீட்டால், கதாநாயகன் அவளை இரு கைகளிலும் ஏந்தியபடி நடக்கும் தனிப் படம் உண்டு. அவளை மீட்காமலும் கதையை முடிக்கலாம். கட்டாயமில்லாத ஒரு காட்சிக்காக, முதுகே இல்லாத கதாநாயகனுக்கு இன்னொரு படம் வரைந்திருக்கிறார்கள்.

படம் என்றதும் அகிரா தோரியாமாவிடம் வர வேண்டும். ஹோரி எழுதிக்கொண்டிருந்த ஷோனென் ஜம்ப் வார இதழில்தான் தோரியாமாவின் 'டிராகன் பால்' மாங்கா 1984 முதல் வந்துகொண்டிருந்தது. அவருடைய பத்திரிகை ஆசிரியர் கசுஹிகோ தோரிஷிமா இருவரையும் சேர்த்துவைத்தார். ஹோரி ஸ்லைமை ஒரு சேற்றுக் குவியல் போலக் கிறுக்கிக் கொடுத்தார். தோரியாமா அதை ஒரு துளி வடிவமாக்கி, இரண்டு வட்டக் கண்களும் அகன்ற சிரிப்பும் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். நாம் அடித்து நொறுக்கப்போகும் முதல் எதிரி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறான். பயந்துகொண்டு வந்த பிள்ளைக்கு அந்தச் சிரிப்பே ஒரு வரவேற்பு.

இசையமைப்பாளர் கோயிச்சி சுகியாமா ஒரு அஞ்சலட்டை வழியாக வந்தார். எனிக்ஸ் வெளியிட்ட ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) விளையாட்டை வாங்கியவர் அதிலிருந்த கருத்து அட்டையை நிரப்பி அனுப்ப, பெயரைப் பார்த்த கம்பெனிக்காரர்கள் திகைத்துப்போனார்கள். தொலைக்காட்சியிலும் பாப் பாடல்களிலும் பெயர் பெற்றவர், ஐம்பது வயதைக் கடந்தவர். கம்பெனி கேட்டது, அவர் ஒப்புக்கொண்டார். ஃபேமிகாமில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுருதிகள் மூன்றே. வாள் ஓசை, கதவு ஓசை வரும்போது அவற்றிலும் ஒன்று போய்விடும். சுகியாமா பெரும்பாலும் இரண்டு குரல்களை வைத்தே எழுதினார். அரண்மனை இசையைக் கேட்டால் பாஹின் காலம் ஞாபகம் வரும். தொடக்க அணிவகுப்பு இசைக்கு எவ்வளவு நேரமானது என்று கேட்டால், ஐந்து நிமிடமும் அதற்கு முந்தைய 54 ஆண்டுகளும் என்பார். 1987-இல் டோக்கியோவின் சன்டோரி அரங்கில் இந்த இசையை வாத்தியக் குழு வாசித்தது. 2021 டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிகள் அதே இசையோடுதான் மைதானத்துக்குள் நுழையத் தொடங்கின.

விளையாட்டை நிறுத்திவிட்டுத் தூங்கப் போக வேண்டுமே? கேட்ரிட்ஜில் எதையும் சேமிக்க முடியாது. ராஜாவிடம் போனால் 'மீண்டெழும் மந்திரம்' சொல்வார்: 20 எழுத்துகள், ஐந்து, ஏழு, ஐந்து, மூன்று என்று செய்யுளின் அசைக்கணக்கில் பிரிந்து வரும். நம் பெயர், அனுபவம், காசு, கையிலுள்ள பொருள் எல்லாம் அதற்குள் சுருண்டிருக்கும். பழைய டிவியின் மங்கலில் ஓர் எழுத்தைத் தப்பாகக் குறித்துக்கொண்டால் மறுநாள் உள்ளே விடாது. இரண்டாம் பாகத்தில் இந்த மந்திரம் 52 எழுத்து வரை நீண்டு பிள்ளைகளை அழவைத்தது. மூன்றாம் பாகத்தில்தான் கேட்ரிட்ஜுக்குள் பேட்டரி வந்து இந்தப் பாடு தீர்ந்தது.

வெளியான உடனே கூட்டம் அலைமோதிவிடவில்லை. ஹோரி ஷோனென் ஜம்ப்பின் ஃபேமிகாம் பக்கங்களில் புனைபெயரில் எழுதி, இது எந்த மாதிரி விளையாட்டு என்று வாசகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். விற்பனை மெல்ல ஏறி 15 லட்சத்தைத் தொட்டது. 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, மூன்றாம் பாகம் வந்தபோது கடைகளின் முன்னால் நீண்ட வரிசை. பள்ளிக்குப் போகாமல் நின்ற பிள்ளைகளைப் போலீஸ் பிடித்து அனுப்பியது. இனி வேலை நாளில் வெளியிடக் கூடாது என்று சட்டமே போட்டார்கள் என்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. நான்காம் பாகம் 1990-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

ஃபேமிகாமில் கதை சொல்லலாம் என்று நிரூபணம் ஆனபின் மற்றவர்கள் வந்தார்கள். 1987 டிசம்பரில் ஸ்கொயர் நிறுவனத்தின் ஹிரோனோபு சாகாகுச்சி 'ஃபைனல் ஃபேன்டஸி'யைக் கொண்டுவந்தார். 1995-இல் அவரும் ஹோரியும் தோரியாமாவும் சேர்ந்து 'குரோனோ டிரிகர்' செய்தார்கள். ஜப்பானியக் கதை விளையாட்டு என்று இன்று நாம் சொல்லும் வகை முழுக்க இந்த வழியில் வந்ததே.

டிராகன் குவெஸ்டின் கதை நாலு வரியில் அடங்கிவிடும் எளிய கதை. ஆனால் அதன் முடிவுக்கு முன் ஹோரி வைத்த ஓர் இடத்தை மாங்காவிலோ நாவலிலோ வைக்க முடியாது. நாடெல்லாம் சுற்றிக் கோட்டையின் அடித்தளத்தை அடைகிறோம். டிராகன் அரசன் சண்டையைத் தொடங்காமல் கேட்கிறான்: என்னோடு சேர்ந்துகொள், உலகில் பாதியைத் தருகிறேன். திரையில் 'ஆம்', 'இல்லை'. கதாநாயகன் தொடக்கத்திலிருந்து ஒரு வார்த்தை பேசாதவன். அவன் பெயரே நாம் வைத்த பெயர். ஆகவே கேள்வி நேராக நம்மிடம் வருகிறது. 'ஆம்' என்றால் அவனே ஒரு மீண்டெழும் மந்திரத்தைச் சொல்லுவான், திரை இருண்டுவிடும். மறுநாள் அந்த மந்திரத்தைப் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு வாளும் காசும் அனுபவமும் போய், முதல் லெவலில் நிற்கும் கதாநாயகன்தான் மிஞ்சுவான். பழைய நோட்டில் ராஜா சொன்ன மந்திரத்தை அழிக்காமல் வைத்திருந்தவர்களால்தான் மறுபடி கோட்டை வரை நடந்து போய், இந்த முறை 'இல்லை' என்று சொல்ல முடிந்தது.