மணலில் ஓர் இரவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை பிள்ளை வந்து, "மாமா, ஒங்க கிட்ட பாம்புப் பஞ்சாங்கம் இருக்கா?" என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயிலாப்பூர் மாடவீதியிலேயே பிறந்து வளர்ந்தும் கோயிலுக்குள் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற பையன், கம்ப்யூட்டர் உத்தியோகம். அப்படிப்பட்டவன் பஞ்சாங்கம் கேட்டால், வீட்டுக்குத் தெரியாமல் எங்கேயோ முகூர்த்தம் குறிக்கிறான் என்றுதானே எண்ணத் தோன்றும்?

விஷயம் அதுவல்ல. பௌர்ணமி எந்தத் தேதியில் வருகிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம். தாய்லாந்து தேசத்தில் கோ பங்ஙான் என்று ஒரு தீவு இருக்கிறது. அதன் தென்கிழக்கு மூலையில் ஹாட் ரின் என்ற கடற்கரை. மாதா மாதம் பௌர்ணமியன்று அங்கே இரவு முழுவதும் பாட்டும் ஆட்டமும் நடக்கின்றன. 1980-களில் ஏதோ சில பரதேசிப் பிரயாணிகள் கூடிக் களித்ததில் ஆரம்பித்த வழக்கம், இப்போது ஆயிரக்கணக்கில் கூட்டம் சேருகிற திருவிழாவாக வளர்ந்துவிட்டது. பையனும் அவனுடைய சிநேகிதர்கள் மூவரும் முதுகில் ஆளுக்கொரு பையை மாட்டிக்கொண்டு புறப்படுவதாக உத்தேசம்.

பிரயாண ஏற்பாட்டை அவன் விவரித்தபோது, காசி யாத்திரைக்குப் புறப்பட்ட என் தாத்தாகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று தோன்றிற்று. பாங்காக் வரை விமானம். அங்கிருந்து சூரத் தானி என்ற ஊருக்கு ராத்திரி ரயில். (நம்முடைய குஜராத்து சூரத்தின் பெயரைத்தான் தாய்லாந்து ராஜா அந்த ஊருக்கு வைத்தார் என்பது ஓர் உபரிச் செய்தி.) பிறகு பஸ், பிறகு கப்பல், கடைசியில் பெஞ்சி போட்ட ஒரு வண்டி. பௌர்ணமி நெருங்க நெருங்க அறை வாடகை ஏறிக்கொண்டே போகுமாம். ஓர் இரவுக்கு மட்டும் என்று கேட்டால் பல இடங்களில் கொடுக்க மாட்டார்களாம். இதற்கெல்லாம் மேலாக இன்னொரு சிக்கல். விசாகம் போன்ற பௌத்த புண்ணிய தினம் பௌர்ணமியில் வந்துவிட்டால், கொண்டாட்டத்தை ஒரு நாள் தள்ளி வைத்துவிடுவார்கள். அதனால்தான் பஞ்சாங்கம்!

பஞ்சாங்கத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையோடு, "ஏண்டா, பௌர்ணமியன்னிக்கு ராத்திரி பூரா மணல்லே கிடக்கணும்னா அவ்வளவு தூரம் போகணுமா?" என்றும் கேட்டு வைத்தேன். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். கேட்ட கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

பட்டினப்பாலை படித்தவர்களுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர்கள் பௌர்ணமியன்று கடலுக்குப் போவதில்லை. சுறாமீனின் கொம்பை மணலில் நட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், தாழம்பூச் சூடுகிறார்கள், கள்ளைக் குடித்துவிட்டுப் பெண்டு பிள்ளைகளோடு ஆடுகிறார்கள். கடலில் குளித்து, உப்புப் போக நல்ல தண்ணீரில் மறுபடியும் குளித்து, நண்டைத் துரத்தி விளையாடிப் பொழுதைக் கழிக்கிறார்கள். சங்க காலத்துப் புலவர் கண்ட காட்சி இது. பையனின் தீவில் நடப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சுறாக்கொம்பு ஒன்றுதான் அங்கே இல்லை.

சிலப்பதிகாரத்தில் கூட்டம் இன்னும் பெரிது. இந்திர விழா முடிந்த சமயத்தில் ஊரே கடலாடக் கிளம்புகிறது. மாதவிக்குக் கடற்கரைக்குப் போக ஆசை. பொழுது விடிவதற்கு முன்பே கோவலன் கோவேறு கழுதை மேலும், அவள் வண்டியிலும் ஏறிப் புறப்படுகிறார்கள். வழியெல்லாம் விளக்குகள். வண்ணமும் சந்தனமும் பூவும் விற்கிறவர்களின் விளக்கு, பிட்டு விற்கிறவர்களின் விளக்கு, அப்பம் சுடுகிறவர்களின் விளக்கு, மீன் விற்கிறவர்களின் விளக்கு, திசை தெரியாமல் வரும் மரக்கலங்களுக்காக ஏற்றி வைத்த விளக்கு என்று இளங்கோவடிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். இன்றைக்கு மெரினாவில் சாயங்காலம் மிளகாய் பஜ்ஜிக் கடைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பகுதிதான் நினைவுக்கு வரும். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். புன்னை நிழலில் யாழை மீட்டிப் பாடினார்கள். ஒருவர் பாட்டை ஒருவர் தப்பாக அர்த்தம் செய்துகொண்டார்கள். அவன் எழுந்து போனவன் அவளிடம் திரும்பி வரவில்லை. கடற்கரை விருந்துக்குப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாக வீடு திரும்பிய ஜோடிகளில் நமக்குத் தெரிந்த முதல் ஜோடி அவர்கள்தான்.

அந்த மாதவியின் மகள் கதையில் தீவும் வந்துவிடுகிறது. இந்திர விழாவின்போது பூப்பறிக்கப் போன மணிமேகலையை மணிமேகலா தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவின் மணலில் விட்டது. யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள நயினாதீவுதான் அது என்று சொல்வோரும் உண்டு. அங்கே வைகாசி விசாகத்துப் பௌர்ணமியன்று ஒரு பொய்கையிலிருந்து அமுதசுரபி வெளிப்பட்டு அவள் கைக்கு வந்து சேர்ந்தது. தாய்லாந்துக்காரர்கள் எந்தப் பௌர்ணமிக்காகக் கூத்தை ஒரு நாள் தள்ளி வைக்கிறார்களோ, ஏறக்குறைய அதே பௌர்ணமி!

மயிலாப்பூருக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் இவ்வூர்ப் பூம்பாவைக்காகப் பாடிய பதிகத்தில் கபாலீசுவரத்துத் திருவிழாக்களை வரிசையாகச் சொல்கிறார். அவற்றில் ஒன்று மாசிக் கடலாட்டு. 'இதையெல்லாம் பார்க்காமலா போய்விடுவாய்?' என்று செத்துப்போன ஒரு பெண்ணைப் பார்த்துக் கேட்கிறார். உயிரைத் திரும்ப அழைப்பதற்குக் காட்டிய ஆசைகளில் கடற்கரைத் திருவிழாவும் ஒன்று என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பிற்காலத்தில் கோயில் கடற்கரையை விட்டு விலகி இன்றைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆயினும் மாசி மகத்தன்று சுவாமி கடலுக்கு எழுந்தருளுகிறார்.

எங்கள் தலைமுறையில் மிச்சம் இருந்தது நிலாச் சோறு. சித்ரா பௌர்ணமியன்று புளியோதரையும் தயிர்சாதமும் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெரியவர்கள் எங்களைச் சாந்தோம் மணலுக்கு அழைத்துப் போவார்கள். பாட்டி சோற்றை உருட்டி உருட்டிக் கையில் போடுவாள். மணல் கலந்த தயிர்சாதத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட வேண்டும். ராத்திரி முழுவதும் கடற்கரையில் தங்குவது கௌரவமான குடும்பங்களுக்கு அடுக்காத காரியம்.

துரைமார்கள் காலத்தில் வேறு தினுசு. கவர்னர் கிராண்ட் டப் 1884-ல் உலாவும் சாலை போட்டு அதற்கு மெரினா என்று பெயர் சூட்டினார். அது காற்று வாங்குவதற்கு. கடலில் குளித்துக் கும்மாளம் போட அடையாறு தாண்டி எலியட்ஸ் கடற்கரை. அங்கே வெள்ளைச் சுவராக நிற்கிறதே ஷ்மிட் நினைவு மண்டபம், அதன் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்பவர்களில் எத்தனை பேர் அந்தக் கல்வெட்டைப் படித்திருப்பார்கள்? 1930 டிசம்பர் 30-ந் தேதி, மற்றவர்களைக் காப்பாற்றப் போய் அந்த இடத்தில் மூழ்கி இறந்த டென்மார்க்கு மாலுமி அவர். நம்முடைய கடல் பார்க்க அழகானது; இறங்கினால் பொல்லாதது. இதைப் பையனுக்கும் சொல்லி வைத்தேன்.

பௌர்ணமிப் பிரயாணம் என்றால் 1934-ம் வருஷத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாரதிதாசனும், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி முதலியோரும் முழு நிலா இரவில் படகேறிச் சென்னையிலிருந்து மாமல்லபுரம் போனார்கள். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை பிறந்தது அப்போதுதான். அந்த நாளில் மாமல்லபுரம் போகிறவர்களுக்குப் பக்கிங்ஹாம் கால்வாய்தான் ராஜபாட்டை. சாயங்காலம் படகில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர் வந்துவிடும். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஆட்கள் கரைமேல் நடந்து கயிறு போட்டு இழுப்பார்கள். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழை ஜனங்கள் வெட்டினார்கள். இன்று அந்தக் கால்வாயின் நடுவிலேயே தூண்களை ஊன்றித் திருமயிலை ரயில் நிலையத்தைக் கட்டியிருக்கிறார்கள். படகாவது, பாட்டாவது!

ஆனால் அதே மாமல்லபுரத்துக்கு, அதே நிலவுக்கு, கவிஞர்களுக்கும் துரைகளுக்கும் வெகு காலம் முன்பிருந்தே போய்க்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பீடிகையும்.

இருளர்கள். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், விழுப்புரம் ஜில்லாக்களில் சிதறிக் கிடக்கும் பழங்குடி மக்கள். வயலில் எலி பிடிப்பதும், புதரில் பாம்பு பிடிப்பதும், மூலிகை பறிப்பதும் பரம்பரைத் தொழில். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது பிழைப்புப் போயிற்று. 1978-ல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவனுக்குப் போடும் மருந்து அந்த விஷத்திலிருந்துதான் தயாராகிறது. 2023-ல் இவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில், கொத்தடிமை முறையை 1976-ல் சட்டம் போட்டு ஒழித்த பிறகும், சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் குடும்பத்தோடு அடைபட்டுக் கிடந்த இருளர்களை 2000-க்குப் பிறகும் அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள்.

இவர்கள் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வருகிறார்கள். இவர்களுடைய தெய்வம் கன்னியம்மன் கடலில் இருக்கிறாள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட அவளைச் சமாதானம் செய்து கரைக்கு அழைப்பதுதான் விசேஷம்.

சில வருஷங்களுக்கு முன் நானும் போய்ப் பார்த்தேன். அடையாற்றிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, கூட்டம் அப்படி. பையன் நாலு மாதம் திட்டம் போட்ட மாதிரி இவர்கள் எதுவும் போடவில்லை. அரிசி, ஒரு குண்டான், நாலு கழி, இரண்டு பழம்புடவை. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மணலில் கழியை நட்டுப் புடவையைச் சுற்றினார்கள், கூடாரம் தயார். கடற்கரைக் கோயிலை அடுத்த மணல்வெளி முழுவதும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் புடவை ஊர் ஒன்று முளைத்துவிட்டது. ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று கல் வைத்து அடுப்பு. சந்திரன் கடலிலிருந்து கிளம்பினான். பிறகு தூங்கியவர்கள் குழந்தைகள் மட்டும்தான்.

எனக்குப் பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கிழவர் இருந்தார். என்னைப் பார்த்து, "சாமி எந்த ஊரு?" என்றார். மயிலாப்பூர் என்றேன். "அங்கதான் கடலு இருக்குதே, இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்: "எங்களுக்கு இங்க வந்தாத்தாங்க சொந்தக்காரங்க மூஞ்சியப் பார்க்க முடியும்." அவருடைய தம்பி குடும்பம் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சூளையில் இருந்ததாம். அந்த வருஷம் முதலாளி விடுவானோ மாட்டானோ என்று சந்தேகம். கடைசி பஸ் வரும் வரைக்கும் கிழவர் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குமேல் தம்பி வந்தான், பெண்டாட்டியோடும் மூன்று குழந்தைகளோடும். யாரும் ஒன்றும் பேசவில்லை. கிழவர் அடுப்பில் இன்னும் இரண்டு சுள்ளியைச் சொருகினார்.

பெண் பார்ப்பதும் பிள்ளை பார்ப்பதும் அந்த மணலில்தான். இந்த மாசியில் பேசி முடித்தால் அடுத்த மாசியில் கல்யாணம். வேறு வேறு ஜில்லாவில், வேறு வேறு முதலாளியிடம் கிடக்கும் ஜனங்களுக்கு இதைவிட்டால் வேறு இடம் எது? அந்த ஓர் இரவுக்கு அவர்களிடம் யாரும் வாடகை கேட்பதில்லை. யாருடைய நிலத்தில் நிற்கிறாய் என்றும் கேட்பதில்லை. கோயிலைச் சுற்றி வேலி வந்தது, ஓட்டல்கள் வந்தன, 2019-ல் சீன அதிபரும் நம் பிரதம மந்திரியும் வந்து உலாவினார்கள். எது வந்தாலும் மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அலை ஒரு பக்கத்திலிருந்து தின்கிறது, ஊர் மறு பக்கத்திலிருந்து தின்கிறது. நூறு குடும்பம் என்றால் எங்கேயாவது ஒதுங்கிவிடலாம். ஆயிரக்கணக்கான ஜனங்கள் எங்கே கழி நடுவார்கள்?

விடியற்காலம் நாலு மணி இருக்கும். உடுக்கைச் சத்தம் கேட்டு எழுந்தேன். அலையோரத்தில் ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டியிருந்தார்கள். அதில் பூ, தேங்காய், வெற்றிலை, பொரி, சூடம். பூசாரியின்மேல் கன்னியம்மன் வந்தாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய்க் குறை சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், புருஷன் அடிக்கிறான், முன்பணம் அடையவில்லை. அம்மன் சிலருக்குப் பதில் சொன்னாள், சிலரைத் திட்டினாள். சற்றுத் தள்ளி இன்னொரு குவியலின் எதிரில், சூரியன் தலைகாட்டுகிற நேரத்தில், ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் கயிறு கட்டினான். அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போயிற்று. அதற்குள் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு மொட்டை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இதை எல்லாம் பையனிடம் சொன்னேன். கவனமாகத்தான் கேட்டான். "அங்கே பாட்டு உண்டா மாமா?" என்றான். உண்டு என்றேன். "ரூம்?" இல்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பஞ்சாங்கத்தைப் புரட்டி மாசி மகம் என்றைக்கு என்று பார்த்துத் தன் டெலிபோனில் குறித்துக்கொண்டான். தாய்லாந்து டிக்கெட்டையும் ரத்து செய்யவில்லை. அவன் வருவானோ மாட்டானோ, அந்தக் கிழவரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அன்று காலை எட்டு மணிக்கு அவர் கழிகளைப் பிடுங்கிக் கட்டினார். கிழவி கூடாரப் புடவையை உதறி, மணல் போகக் கடல் தண்ணீரில் அலசி, பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.