உப்புக்கண்டம்

உப்புக்கண்டம் என்பது இறைச்சியைத் துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, வெயிலில் உலர்த்திச் சேமிக்கும் தமிழக உணவு வகை ஆகும். பெரும்பாலும் வெள்ளாட்டு இறைச்சியிலும் மாட்டிறைச்சியிலும் செய்யப்படுகிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், அறுத்த விலங்கின் இறைச்சியைக் கெடாமல் வைத்திருக்க இதுவே எளிய வழியாக இருந்தது.

பெயர்

கண்டம் என்னும் சொல் துண்டு எனப் பொருள்படும். 'உப்புக்கண்டம் போட்டுவிடுவேன்' என்று மிரட்டும் வழக்கும் பேச்சுத் தமிழில் உண்டு.

பழந்தமிழ் நூலில் உலர்ந்த இறைச்சி

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கச்சியை (இன்றைய காஞ்சிபுரம்) ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதாகும். 500 அடிகள் கொண்ட இந்நூல், அரசனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறுகிறது. வழியில் வறண்ட நிலத்தில் வாழும் எயினர் குடியிருப்பு வருகிறது. அங்குள்ள பெண்கள் நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்த்து, உரலில் குற்றி, ஆழ்கிணற்றின் உவர்நீரில் சமைக்கின்றனர். அச்சோற்றுடன் பாணனின் சுற்றத்தாருக்குக் கிடைப்பது வாடூன், அதாவது உலர்ந்த இறைச்சி. அது தேக்கிலையில் படைக்கப்படுகிறது. இந்த வாடூன் உப்பிடப்பட்டதா என்று நூல் கூறவில்லை. எனவே இதனை இன்றைய உப்புக்கண்டமாகவே கொள்ள இயலாது. எனினும் கோயில்களுக்கும் இட்லிக்கும் பெயர்பெற்ற காஞ்சிக்குச் செல்லும் பழைய வழியில், வறியவரின் விருந்தாக உலர்ந்த இறைச்சி இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

செய்முறை

கொழுப்பு நீக்கிய இறைச்சி நீளவாட்டில் நறுக்கப்படுகிறது. கொழுப்பு உலராமல் நாளடைவில் காறல் சுவை பெறுவதால் அதனை நீக்குவது இன்றியமையாதது. உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றைத் தடவி (சிலர் இஞ்சி, பூண்டு விழுதும் சேர்ப்பர்) சில மணி நேரம் ஊறவைப்பர். பின்னர் கோணி ஊசியால் நூலில் கோத்து, மாலை போல் கொடியில் தொங்கவிடுவர். இரவில் பனி படாமல் வீட்டினுள் எடுத்துவைத்து, மறுநாள் மீண்டும் வெயிலில் இடுவர். ஈக்கள் மொய்க்காதிருக்க மெல்லிய துணியால் மூடுவதுண்டு. நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாட்களில் இறைச்சி விறகு போல் இறுகிவிடும். பங்குனி, சித்திரை மாதங்கள் இதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உலர்த்தினால் பூஞ்சை பிடித்துவிடும்.

உண்ணும்போது வெந்நீரில் ஊறவைத்துக் கழுவி, அம்மியில் தட்டி நல்லெண்ணெயில் வறுப்பர். கத்தரிக்காயுடன் குழம்பாகவும் வைப்பர். பழைய சோறு, கம்பங்கூழ், இரசம் சோறு ஆகியவற்றுக்கு ஏற்ற துணைக்கறி.

கெடாமல் இருப்பதன் காரணம்

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீராகும். நுண்ணுயிர்கள் பெருக இந்நீர் தேவை. உப்பு அதில் ஒரு பகுதியை வெளியே இழுக்கிறது. எஞ்சியதைப் பிணைத்து நுண்ணுயிர்களுக்குக் கிட்டாமல் செய்கிறது. வெயிலும் காற்றும் மேலும் நீரைக் குறைக்கின்றன. உணவில் பயன்படக்கூடிய நீரின் அளவை அறிவியலார் நீர்ச் செயற்பாடு என்னும் எண்ணால் குறிப்பர். தூய நீருக்கு இது 1. இவ்வெண் 0.85க்குக் கீழ் இறங்கினால் நோய் விளைவிக்கும் பாக்டீரியாக்கள் பெருகுவதில்லை. ஆனால் பூஞ்சைகள் அதற்குக் கீழும் வளரக்கூடும். ஆகவேதான் சேமித்தபின்னும் இடையிடையே வெயிலில் காயவைக்கின்றனர். வெளிப்புறம் மட்டும் இறுகி உள்ளே ஈரம் தங்கிய தடித்த துண்டுகளே பெரும்பாலும் கெட்டுப்போகின்றன.

சமூகப் பின்னணி

ஒரு மாட்டின் இறைச்சி ஒரு தெருவே உண்டாலும் ஒரே நாளில் தீராது. தலித் குடியிருப்புகளில் பங்கிட்டுக்கொண்ட மாட்டிறைச்சி உலர்த்தப்பட்டு, வேலையும் கூலியும் இல்லாத நாட்களுக்கு உணவாயிற்று. கொடியில் தொங்கும் இறைச்சியே இழிவுபடுத்தும் அடையாளமாகவும் பிறரால் கொள்ளப்பட்டது. இதனால் உணவக அட்டைகளில் ஆட்டு உப்புக்கண்டம் பெருமையுடன் இடம்பெற, மாட்டு உப்புக்கண்டம் பேசப்படாமல் போயிற்று. மகாராட்டிரத்தின் மராத்வாடாப் பகுதியில் இத்தகைய உணவுகளைப் பற்றிச் சாகு பட்டோலே மராத்தியில் எழுதிய நூல் 2015இல் வெளிவந்தது. 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது.

இசுலாமியர் இல்லங்களில் பக்ரீத் குர்பானி இறைச்சியின் ஒரு பகுதியை உலர்த்தும் வழக்கம் உண்டு. துல்ஹஜ் மாதத்தின் 11, 12, 13ஆம் நாட்களுக்குரிய தஷ்ரீக் என்னும் அரபுப் பெயர், இறைச்சியை வெயிலில் உலர்த்துவதிலிருந்து வந்தது என விளக்குவர்.

பிற இடங்களில்

கேரளத்தின் இடியிறைச்சி, நேபாளத்தின் சுக்குட்டி, புளிக்காடியும் கொத்தமல்லி விதையும் சேர்க்கும் தென்னாப்பிரிக்கப் பில்டாங் ஆகியவை இதனையொத்தவை. ஜெர்க்கி என்னும் ஆங்கிலப் பெயர் ஆண்டிசு மலைநாட்டுக் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. இலங்கையின் வேடர்கள் இறைச்சியைத் தேனில் இட்டும் பாதுகாத்தனர்.