மிசிசிப்பித் தெப்பமும் ஒரு சிறுவனின் மனச்சாட்சியும்

1896ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அறுபது வயதுடைய அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் கப்பலேறிக் கொழும்பு வந்தடைந்தார். வாணிக முயற்சிகளிற் பெரும்பொருளை இழந்து கடனாளியாகிய அவர், அக்கடனைத் தீர்க்கும் பொருட்டு உலகைச் சுற்றிச் சொற்பொழிவாற்றி வந்தார். இலங்கையின் வண்ணங்களைக் கண்டு வியந்த அவர், இங்கிருந்து பம்பாய்க்குச் சென்றார். அங்கே ஒரு விடுதியில், ஐரோப்பியர் ஒருவர் சுதேசிப் பணியாளன் ஒருவனின் தாடையில் அறைந்ததை அவர் கண்டார். அறையுண்டவன் முகத்திற் சினத்தின் சாயலும் காட்டாது பணிவோடு நின்றான்.

அக்காட்சி எழுத்தாளரின் உள்ளத்தை ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிக் கொண்டு சென்றது. மிசூரி மாநிலத்தில் அவர் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது, ஏதோ ஒரு சிறு பிழைக்காகச் சினந்த ஒருவன், அடிமை ஒருவன்மேல் இரும்புத்தாதுக் கட்டியொன்றை வீசியெறிந்தான். தலையில் அடிபட்ட அடிமை ஒரு மணி நேரத்துள் இறந்தான். ஊரார் அச்செயலை விரும்பவில்லை. ஆயினும் வாய் திறந்து கண்டித்தாருமில்லர்.

அவ்வெழுத்தாளரே மார்க் டுவெயின். நல்லவர்கள் நிறைந்த ஓர் ஊர் பெருந்தீமை ஒன்றை எவ்வாறு இயல்பென ஏற்று வாழ்கிறது என்னும் வினா அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. அவ்வினாவுக்கு அவர் கண்ட இலக்கிய வடிவமே 'ஹக்கிள்பெரி ஃபின்' என்னும் நாவல். 1876இல் எழுதத் தொடங்கி, இடையிடையே கைவிட்டு, 1883இலேயே அவர் அதனை எழுதி முடித்தார். 1884இன் இறுதியில் இங்கிலாந்திலும், 1885இன் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் நூல் வெளிவந்தது.

கதையின் காலம் அடிமைமுறை நிலவிய காலம். மிசூரி 1821இல் அடிமை மாநிலமாகவே ஒன்றியத்திற் சேர்ந்தது. தப்பியோடிய அடிமையை உடையவரிடம் மீள ஒப்படைக்க வேண்டுமென 1793ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1850ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மேலுங் கடுமையாக்கியது. அடிமைக்கு உதவுதல் திருட்டுக்கு ஒப்பாகும் எனப் பள்ளியும் கோயிலும் கற்பித்தன.

இத்தகைய ஊரில், குடிகாரத் தந்தையின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த சிறுவன் ஹக். தன்னை எண்ணூறு டொலருக்கு நியூ ஓர்லியன்சுக்கு விற்கப் போகிறார்கள் என அறிந்து ஓடிவந்தவன் ஜிம் என்னும் அடிமை. இருவரும் ஒரு தெப்பத்தில் ஏறி மிசிசிப்பி ஆற்றின் வழியே செல்கின்றனர். கரையில் ஒருவன் வெள்ளையன், மற்றவன் உடைமைப் பொருள். தெப்பத்திலோ இருவரும் பசியையும் மழையையும் பங்கிட்டுக் கொள்ளும் மனிதர்.

எனினும் ஹக் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மூடுபனியில் இருவரும் பிரிந்து மீண்டும் சேர்ந்தபோது, பிரிந்ததெல்லாம் கனவென்று கூறி ஜிம்மை அவன் ஏமாற்றுகிறான். தன்னை இழந்ததாக எண்ணி வருந்தியவனை இவ்வாறு நகையாடுதல் தகுமோ என ஜிம் கடிந்துரைக்கிறான். அடிமை ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க ஹக்கின் மனம் கால் மணி நேரம் தயங்குகிறது, பின்னர் கேட்கிறான்.

அதன்பின் விடுதலை மாநிலம் அண்மையில் உள்ளதென எண்ணிய ஜிம் தன் ஆசையை வெளியிடுகிறான். உழைத்துப் பணஞ்சேர்த்து மனைவியை விலைக்கு வாங்குவான். பின்பு இருவரும் உழைத்துப் பிள்ளைகளை வாங்குவர். உடையவன் விற்க மறுப்பின் பிள்ளைகளைக் கவர்ந்து வரச் செய்வான். ஒரு தந்தையின் இந்த நியாயமான ஆசையைக் கேட்டு ஹக் திடுக்கிடுகிறான். தனக்கு ஒரு தீங்கும் செய்யாத ஒருவரின் பொருளைத் திருட எண்ணுகிறானே என்பதே அவன் கவலை! டுவெயினின் நகைச்சுவை இங்கே கூரிய கத்தியாகிறது. நூல்களில் அடிமைமுறையைப் பழித்துரைத்தோர் பலர்; அஃது ஒரு குழந்தையின் மனச்சாட்சியையே கோணலாக்கிவிட்டதைக் காட்டியவர் இவர்.

வஞ்சகர் இருவருள் ஒருவன் ஜிம்மை நாற்பது டொலருக்குக் காட்டிக்கொடுத்தபோது கதை உச்சநிலையை அடைகிறது. ஜிம்மின் உடைமைக்காரிக்கு உண்மையைத் தெரிவித்து ஹக் ஒரு கடிதம் எழுதுகிறான். பாவம் நீங்கியதென அவன் மனம் இலேசாகிறது. ஆனால் இரவெல்லாம் தனக்காகவும் காவல் விழித்திருந்த ஜிம்மின் முகம் நினைவுக்கு வருகிறது. நரகமே கிடைப்பினும் கிடைக்கட்டும் எனத் துணிந்து கடிதத்தைக் கிழித்தெறிகிறான். தான் செய்தது அறமென்று அவன் அறியான், பாவமென்றே கருதுகிறான். செம்மையான இதயமும் சீர்குலைந்த மனச்சாட்சியும் மோதியதில் மனச்சாட்சி தோற்றதென டுவெயினே பின்னர் இதனை விளக்கினார்.

இந்நூலிற் குறையில்லாமலில்லை. இறுதிப் பகுதியில், டொம் சோயர் என்னும் சிறுவனின் விளையாட்டுக்காக ஜிம் சிறையில் அலைக்கழிக்கப்படுகிறான். இரண்டு மாதங்களுக்கு முன்பே உடைமைக்காரியின் மரண சாசனத்தால் அவன் விடுதலை பெற்றுவிட்டான் என்பது பின்னரே வெளிப்படுகிறது. இம்முடிவு கதையின் பெருமையைக் குலைத்தது என்பர் ஒரு சாரார். 1865இல் சட்டத்தால் விடுதலை பெற்றும் வாழ்வில் அதனைப் பெறாத கறுப்பின மக்களின் நிலையே இங்குப் புலப்படுகிறது என்பர் மற்றொரு சாரார். இரண்டாவது கருத்தை நூலெழுந்த காலம் வலியுறுத்துகிறது. 1877இல் தென்மாநிலங்களிலிருந்து கூட்டாட்சிப் படையின் பாதுகாப்பு நீங்கிய பின்னர், அம்மக்கள் பெற்ற உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன.

நூலைப் பற்றிய எதிர்ப்பும் காலத்தோடு மாறியது. 1885இல் கொன்கோட் நகர நூல்நிலையம் இதனை நீக்கியது. சிறுவனின் கொச்சை மொழியும் ஒழுக்கமுமே காரணம். இருபதாம் நூற்றாண்டிலோ, கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் இருநூறு தடவைக்கு மேல் வருவதால் பள்ளிகளில் எதிர்ப்பு எழுந்தது. முதலெதிர்ப்புக்கு ஜிம் ஒரு பொருட்டாகவே இல்லை. பின்னையது அவன் வழித்தோன்றல்களின் துயரிற் பிறந்தது.

அவ்வழித்தோன்றல்களும் பின்னர் நாவல் வாயிலாக விடையிறுத்தனர். 1952இல் ரால்ஃப் எலிசன், பிறர் கண்ணிற் படாத பெயரற்ற கறுப்பின இளைஞன் ஒருவனைத் தன் கதையைத் தானே சொல்ல வைத்தார். மேடைக் கோமாளியின் முகமூடிக்குப் பின்னாலிருந்தே ஜிம்மின் மாண்பு வெளிப்படுகிறது என்பது அவர் கண்ட குறை. பேர்சிவல் எவரெட் 2024இல் வெளியிட்ட 'ஜேம்ஸ்' என்னும் நாவல் அம்முகமூடியைக் கழற்றியது. அதிற் கதை சொல்பவன் ஜிம்மே. எழுதப் படிக்க அறிந்த அவன், வெள்ளையர் முன்னே பேசும் கொச்சை மொழியைத் தற்காப்புக்காகவே கையாள்கிறான்.

பம்பாயில் அறையுண்டு வாளாநின்ற பணியாளன் என்ன நினைத்தான் என்பதை டுவெயின் அறிய வழியில்லை. அவன் வலியை உணர்ந்து, அதிலே தம் ஊரின் குற்றத்தைக் கண்டமை அவர் சிறப்பு. ஒரு சிறுவனின் இதயம் திறந்ததோடு அவர் பணி நின்றது. அவ்விதயம் யாருக்காகத் திறந்ததோ அவனே வாய் திறந்து பேச, மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் தேவைப்பட்டது.