குழாயை மாற்றினால் வண்டி பறக்குமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கடன் வாங்கி ஒரு டர்போ டீசல் எஸ்.யூ.வி. எடுத்து ஆறு மாதம் ஆகிறது. "சார், ஒரு கடையில சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாத்தித் தர்றோம்னு சொல்றாங்க. 90,000 ரூபாய் ஆகும். இருபது குதிரைத்திறன் கூடுமாம். போடலாமா?" என்றார்.

முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவனிடம் கேட்டால் ஒரு வரியில் பதில் வருமா? காபி ஆறும்வரை கதை சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஆசைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது.

1897இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரீவ்ஸ் சகோதரர்கள் இன்ஜின் சத்தத்தைக் குறைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். அடுத்து வருகிறவர் ஹைரம் பெர்சி மாக்சிம். இவருடைய அப்பாதான் 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். அந்தச் சத்தத்திலேயே வாழ்ந்து பிற்காலத்தில் காது கேளாமல் போனவர். மகனோ 1909இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி இன்ஜின்களின் சத்தத்தை அடக்குவதிலும் உழைத்தார். அப்பா உண்டாக்கிய சத்தத்தை மகன் அடக்கினார் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆனால் அன்றைய சைலன்சர்கள் புகையின் வழியை அடைத்தன. இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கு புகையை வெளியே தள்ளுவதிலேயே போனது. அதனால் அக்காலக் கார்கள் பலவற்றில் 'கட் அவுட்' என்று ஒரு வால்வு இருந்தது. மேடு ஏறும்போது ஓட்டுநர் காலால் மிதித்தால் புகை சைலன்சருக்குள் போகாமல் நேராக வெளியே பாயும். கொஞ்சம் இழுவை கூடும், ஊரே அதிரும். மேடே இல்லாத தெருவிலும் ஆட்கள் அதை மிதித்துக்கொண்டு போனதால் பல அமெரிக்க நகரங்கள் கட் அவுட்டைத் தடை செய்தன. 'சத்தம் வந்தால் சக்தி' என்ற நம்பிக்கை அங்கே வேர்விட்டது. அன்றைக்கு அதில் உண்மையும் இருந்தது.

இந்த நம்பிக்கைக்கு இன்னும் பெரிய பலம் கொடுத்தது கிழக்கு ஜெர்மனி. எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இருந்தார். போர்க்காலத்தில் பீனமுண்டே ஆயுத ஆய்வுத் தளத்தில் வேலை பார்த்தவர். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் புகைக்குழாயில் ஓடும் ஒலி அலையை அவர் ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தார். குழாயின் நடுவே வயிறு வைத்து, முனையைக் குறுக்கினால் அலை எதிரொலித்துத் திரும்பி வரும். சிலிண்டரை விட்டு வெளியேறப் பார்க்கும் புது எரிபொருளை அது உள்ளேயே தள்ளிவிடும். 1961இல் அவருடைய 125 சி.சி. இன்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200. அன்றைக்கு அது உலக அதிசயம்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கே தப்பி ஓடினார். ரகசியமும் அவரோடு ஜப்பானின் சுசுகிக்குப் போனது. அடுத்த ஆண்டே 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்கு! ஒரு புகைக்குழாயின் வடிவம் நாட்டு எல்லை தாண்டிப்போன ரகசியமாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

நம் ஊரில் ஆர்.எக்ஸ். 100 ஓட்டிய தலைமுறைக்கு இது உடம்பிலேயே தெரியும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் குழாய் இன்ஜினின் ஓர் உறுப்பு. அதை மாற்றினால் வண்டியின் குணமே மாறும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இன்று டீசல் எஸ்.யூ.வி.யையும் பார்க்கிறோம். தப்பு அங்கேதான்.

காற்று உள்ளே வரும் பக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. 1960இல் கிரைஸ்லர் 300 எஃப் காரில் முப்பது அங்குல நீளக் காற்றுக் குழாய்களை வைத்தார்கள். அலையின் உதவியால் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே இழுவை உச்சத்துக்கு வந்தது. 375 குதிரைத்திறன். அலை போய்வரும் தூரத்தைக் குறைத்த இன்னொரு வகையில் 400 குதிரைத்திறன் கிடைத்தது, ஆனால் அது அதிக வேகச் சுற்றில்தான். ஆக, மேலே கூட்டினால் கீழே குறையும். இரண்டு டன் எடையை ஏற்காடு மலையில் ஏற்றுகிறவருக்கு எது வேண்டும்? கீழே உள்ள இழுவைதான்.

பிறகு குழாயின் வேலையே மாறிப்போனது. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் வினையூக்கி மாற்றி வந்தது. 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபோது டீசல் புகையில் கரித்துகள் பிடிக்கும் ஃபில்டரும் சேர்ந்துகொண்டது. இன்றைய புகைக்குழாய் பாதி ரசாயன ஆலை. அதில் உள்ள சென்சார்கள் ஒவ்வொரு நொடியும் கம்ப்யூட்டரிடம் பேசிக்கொண்டிருக்கின்றன.

இனி மாணவரின் வண்டிக்கு வருவோம். அதில் புகையின் அலையை டர்போவின் சக்கரமே உடைத்துவிடுகிறது. காடனின் வித்தை அதற்குப் பின்னால் செல்லாது. கடைசி சைலன்சரை மட்டும் மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம்தான். டர்போ எவ்வளவு காற்றை அழுத்தலாம் என்று கம்ப்யூட்டர் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைத் திருத்தாமல் இருபது குதிரை எங்கிருந்து வரும்? திருத்தினால் வாரண்டி போகும். கரித்துகள் ஃபில்டரைக் கழற்றினால் நம் பேரப்பிள்ளைகள் மூச்சில் கரி ஏறும்.

ஏர் ஃபில்டர்? கம்பெனி வைத்த குழாய் வெளிக்காற்றைக் குளிர்ச்சியாக இழுக்கிறது. திறந்த கூம்பு ஃபில்டரோ பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றைக் குடிக்கும். பத்து டிகிரி சூடு கூடினால் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ மூன்று சதவீதம் குறையும். நம் ஊர்ப் புழுதி வேறு. சரியாக வடிகட்டாவிட்டால் தேய்வது டர்போவும் பிஸ்டன் ரிங்கும்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. சத்தம், புகை விதிகளை மீறினால் 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை.

எல்லாம் கேட்டுவிட்டு மாணவர் மெதுவாகச் சொன்னார்: "உண்மையைச் சொல்லணும்னா சார், அந்தச் சத்தம் எனக்குப் பிடிச்சிருக்கு."

அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. "ஆசைப்படுவது தப்பில்லை தம்பி. ஆனால் சக்திக்காக என்று சொல்லி உன்னையே ஏமாற்றிக்கொள்ளாதே. ராத்திரி பதினோரு மணிக்கு நீ வீட்டுக்கு வரும்போது அந்தச் சத்தம் உனக்கு மட்டும் கேட்காது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்கும் கேட்கும்" என்றேன். அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு போடு, பிரேக்கைப் பார், ஏர் ஃபில்டரைக் காலத்தில் மாற்று, மீதியைக் கடனில் கட்டு என்றும் சொன்னேன்.

நேற்று போன் செய்தார். டயர் மாற்றிவிட்டாராம்.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஓடுகிறதா? என்ன முடிவு எடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.