நாற்பத்தேழாம் சாலையோரம்

சேலத்தில் தொடங்கி, கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் வழியே கன்னியாகுமரி வரை சென்ற பழைய 47ஆம் தேசிய நெடுஞ்சாலையை நேயர்களுள் பலர் அறிவீர்கள். அச்சாலை ஆலுவாவில் பெரியாற்றைக் கடக்கிறது. 1940இல் திறக்கப்பெற்ற மார்த்தாண்டவர்மா பாலத்திற்கு அருகே வளர்ந்தவன் நான்.

பாலம் எங்களுக்குப் பெருமை, சாலையோ அச்சம். அகலப்படுத்தும் பேச்சு எழுந்தபின் வேலியோரங்களில் அளவுக்கற்கள் முளைத்தன. சில கற்கள் இரவோடிரவாக மறைந்துவிடும். பிடுங்கியவர் யாரென்று எவரும் வினவுவதில்லை. சாலையே வேண்டாமென்று நாங்கள் சொன்னதுமில்லை. சொந்த ஊருக்குப் போக எங்களுக்கும் அதுதானே வழி!

நில எடுப்பு நோட்டீஸ்களை ஆங்கிலமறிந்த என் தந்தையாரிடம் கொணர்வார்கள். நிலம் ‘எல்லா வில்லங்கங்களினின்றும் நீங்கி’ அரசைச் சேரும் என்னும் பொருள்பட, 1894ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் ஒன்று உண்டு. அதனை அவர் விளக்கியபோது அண்டைவீட்டு அம்மச்சி கேட்டார்: “அப்படியானால் என் கிணறு, அண்ணாச்சி?” தந்தையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், விடை கூறவில்லை. இன்று மொழிபெயர்ப்பாளனாக அதே வாசகத்தை நான் தமிழில் எழுதும் போதெல்லாம் அக்கிணறு நினைவில் எழுகிறது.

பின்னாளில் பெரும் போராட்டங்கள் அண்டையிலேயே மூண்டன. வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தைக் களமசேரியுடன் இணைக்கும் சாலைக்காக, 2008 பிப்ரவரி 6ஆம் நாள் மூலம்பிள்ளித் தீவில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஏழு ஊர்களில் அச்சாலைக்காக இடம் பெயர்ந்த குடும்பங்கள் 316. அவ்வாண்டு மார்ச்சில் மறுவாழ்வுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. எனினும், அளித்த மனைகள் சதுப்பாயிருந்தமையால் பல ஆண்டுகள் கழிந்தும் வீடு எழுப்ப இயலாதோர் பலர். முனையம் 2011இல் திறக்கப்பட்டது.

இடப்பள்ளியிலிருந்து மூத்தகுன்னம் வரை வாழ்ந்தோர் கதை வேறு. முன்பே 30 மீட்டர் அகலத்துக்கு நிலம் ஈந்து, பின்னே ஒதுங்கிக் குடியமர்ந்தவர்கள் அவர்கள். அவர்களிடமே மறுபடி 45 மீட்டர் கேட்கப்பட்டது. இழப்பீட்டைக் காட்டிலும் ‘இரண்டாம் முறை’ என்பதே அவர்களை வருத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆலுவாவில் பழைய பாலத்தையொட்டி இரண்டாம் பாலமும் எழுந்துவிட்டது. ஊருக்குச் செல்லும்போது பேருந்தின் இடப்புறச் சன்னலருகே அமர்கிறேன். அம்மச்சியின் கிணறு இருந்த இடத்தைக் கடக்க ஒரு நொடிகூட ஆவதில்லை.